வெளியூரிலிருந்து வீட்டுக் கணினி எட்டவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வசதியால் வீட்டுக் கணினியின் திரையை வெளியிலிருந்து திறக்கப் பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் சந்திப்பது ஒரே பிழைச் செய்திப் பெட்டியைத்தான். தொலை அணுகல் இயக்கப்படவில்லை, கணினி அணைந்திருக்கிறது, வலையமைப்பில் கணினி இல்லை என்று மூன்று காரணங்களை வரிசையாகச் சொல்லி, எது என்று சொல்லாமல் விட்டுவிடும். கைபேசிச் செயலியில் இதே கோளாறு 204 என்று முடியும் பிழை எண்ணாக வரும். உண்மையான காரணங்கள் பத்துக்கு மேல் உண்டு. செய்தி மட்டும் ஒன்று. அதனால் செய்தியைப் படித்துக் காரணம் தேடக் கூடாது. எந்த இடம் வரை பாதை சரியாக இருக்கிறது என்று அளந்துகொண்டு தேட வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் வீடு இப்படிப்பட்டது: விண்டோஸ் 11 ப்ரோ உள்ள கணினி, அதன் முகவரி 192.168.1.50. ரவுட்டரின் முகவரி 192.168.1.1. அதற்கு முன்னால் இணைய நிறுவனம் சுவரில் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டி. ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் போர்ட், அதாவது கணினியில் அந்தச் சேவைக்கான கதவு எண், 3389. தரவு போகும் இரண்டு முறைகளில் டிசிபி கட்டாயம் வேண்டும், யுடிபி இருந்தால் திரை இன்னும் சீராக ஓடும். கட்டளைகளும் அமைப்புகளின் பெயர்களும் இங்கே உச்சரிப்பாக எழுதப்பட்டுள்ளன. கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

முதல் வேலை: மூன்று தூரச் சோதனை

முதல் தூரம், அந்தக் கணினியிலேயே. பவர்ஷெல்லைத் திறந்து "டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் லோக்கல்ஹோஸ்ட் -போர்ட் 3389" என்று கொடுங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் சேவை விழித்திருக்கிறது.

இரண்டாவது தூரம், அதே வீட்டு வை-ஃபையில் உள்ள இன்னொரு கணினி. அதே கட்டளை, லோக்கல்ஹோஸ்ட் என்ற இடத்தில் 192.168.1.50. இங்கே ஃபால்ஸ் வந்தால் ரவுட்டரில் வெளிப் பாதைக்கான விதிகளைத் தொடவே வேண்டாம். தவறு கணினிக்குள், அல்லது வீட்டு வை-ஃபைக்குள் இருக்கிறது.

மூன்றாவது தூரம், வெளியே. கைபேசியில் வை-ஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் மட்டும் முயல வேண்டும். வீட்டு வை-ஃபையில் உட்கார்ந்துகொண்டு வீட்டின் பொது முகவரியை (வெளி உலகம் உங்கள் வீட்டைப் பார்க்கும் முகவரியை) தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. உள்ளிருந்து வெளியே போய் மறுபடி உள்ளே திரும்பும் பாதையைப் பல ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. அமைப்பு எல்லாம் சரியாக இருந்தும் "வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டி, சரியானதைக் கலைத்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

எந்தத் தூரத்தில் முதலில் அறுந்ததோ, அதற்கான பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கும் பொத்தானே இல்லை

செட்டிங்ஸில் சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போனால், இந்தப் பதிப்பில் வசதி இல்லை என்று சொல்கிறதா? உங்களிடம் இருப்பது ஹோம் பதிப்பு. ஹோம் பதிப்பிலிருந்து மற்ற கணினிகளுக்குள் போகலாம். அதற்குள் யாரும் வர முடியாது. ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் உள்ளே வரும் வசதி உண்டு. ஹோம் பதிப்பை ஏமாற்றித் திறக்கும் ஒட்டு நிரல்கள் உலவுகின்றன. விண்டோஸ் புதுப்பிப்பு வரும்போது அவை உடையும். கணினியின் நுழைவாயிலை யாரோ எழுதிய நிரலிடம் ஒப்படைப்பதும் சரியல்ல. ப்ரோவுக்கு மாறுங்கள், இல்லையென்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப், ரஸ்ட்டெஸ்க் போன்ற ஒன்றை வையுங்கள். அவை வீட்டுக்குள்ளிருந்து வெளியே தொடர்பு எடுப்பவை என்பதால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை.

அறிகுறி: வீட்டுக்குள்ளேயே எட்டவில்லை

முதல் தூரத்திலேயே ஃபால்ஸ் என்றால், பொத்தான் உண்மையில் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சர்வீசஸ் பட்டியலில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்பது ரன்னிங் நிலையில் இருக்க வேண்டும். யாராவது முன்பு ரெஜிஸ்ட்ரியில் போர்ட் எண்ணை மாற்றியிருந்தால் 3389-இல் எதுவும் கேட்காது. மாற்றிய எண்ணுக்கு ஃபயர்வாலில் (எந்தத் தொடர்பை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் தடுப்பில்) தனி விதி எழுத வேண்டும், ஏனென்றால் விண்டோஸோடு வரும் விதி 3389-க்கு மட்டும்தான். எண்ணைப் பழையபடி வைத்துவிடுவது மேல்.

முதல் தூரம் ட்ரூ, இரண்டாவது ஃபால்ஸ் என்றால் பெரும்பாலும் ஃபயர்வால். விண்டோஸ் டிஃபென்டர் ஃபயர்வாலின் உள்வரும் விதிகளில் "ரிமோட் டெஸ்க்டாப் - யூசர் மோட்" என்று டிசிபிக்கு ஒன்றும் யுடிபிக்கு ஒன்றும் இருக்கும். இரண்டும் பச்சை அடையாளத்தோடு இருக்கட்டும். உங்கள் வீட்டு வலையமைப்பு பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தால் ப்ரைவேட் என்று மாற்றுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால், அது விண்டோஸின் ஃபயர்வாலை ஓரங்கட்டிவிட்டுத் தன்னுடையதைப் போட்டிருக்கலாம். அப்படியானால் விண்டோஸில் எவ்வளவு திறந்தாலும் பயனில்லை. அந்த ஆன்டிவைரஸின் அமைப்பில்தான் 3389-ஐ அனுமதிக்க வேண்டும்.

இதற்கும் அசையவில்லையென்றால் வை-ஃபையைப் பாருங்கள். கெஸ்ட் வை-ஃபையில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்து வைத்திருக்கும். ஏபி ஐசொலேஷன் என்ற தெரிவு ஆன் ஆகியிருந்தாலும் இதே கதைதான்.

பிங் போகவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். விண்டோஸ் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருந்துகொண்டே ரிமோட் டெஸ்க்டாப்பைத் தாராளமாக அனுமதிக்கும்.

அறிகுறி: பாஸ்வேர்டு கேட்கிறது, ஆனால் ஏற்க மறுக்கிறது

இது நல்ல செய்தி. பாதை முழுவதும் திறந்திருக்கிறது. கதவு வரை வந்துவிட்டீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு பின் எண். கணினியைத் தினமும் நான்கு இலக்கப் பின் எண்ணால் திறந்து பழகியவர் அதையே இங்கும் தட்டுவார். பின் எண் அந்த ஒரு கருவிக்கு மட்டும் உரியது. ரிமோட் டெஸ்க்டாப் கேட்பது கணக்கின் பாஸ்வேர்டு.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. பாஸ்வேர்டு சரியாகவே இருக்கும், மின்னஞ்சலும் சரியாக இருக்கும், ஆனாலும் மறுக்கும். கணினியை அமைத்த நாளிலிருந்து பின் எண்ணால் மட்டுமே நுழைந்திருந்தால், அந்தக் கணினிக்கு உங்கள் பாஸ்வேர்டு தெரியவே தெரியாது. சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ மட்டும் என்ற தெரிவை அணையுங்கள். வெளியேறி, கணினியின் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வாருங்கள். அதன் பிறகு வெளியிலிருந்து, பயனர் பெயர் இடத்தில் "மைக்ரோசாஃப்ட்அக்கவுண்ட்" என்று எழுதி, பின்சாய்கோடு போட்டு, மின்னஞ்சலை எழுதினால் ஏற்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை வேறு. தொலை அணுகலுக்கென்று தனியாக ஒரு லோக்கல் பயனரை உருவாக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டாம். குறைந்தது 14 எழுத்துப் பாஸ்வேர்டு வையுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவில் அவரைச் சேருங்கள். சேர்க்க மறந்தால், தொலை நுழைவுக்கு இந்தக் கணக்குக்கு அனுமதியில்லை என்ற தெளிவான செய்தி வரும். அப்போதும் பதற வேண்டியதில்லை, செட்டிங்ஸின் அதே ரிமோட் டெஸ்க்டாப் பக்கத்தில் பயனரைச் சேர்க்கும் இணைப்பு இருக்கிறது. நுழையும்போது கணினியின் பெயர், பின்சாய்கோடு, பயனர் பெயர் என்று முழுதாக எழுதுங்கள்.

பாஸ்வேர்டே இல்லாத கணக்கால் வெளியிலிருந்து நுழைய முடியாது. கணக்குக் கட்டுப்பாடுகள் தடுக்கின்றன என்று வரும் செய்திக்குப் பெரும்பாலும் அதுதான் பொருள். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் வழியைத் தேடாமல் பாஸ்வேர்டு வையுங்கள்.

கிரெட்எஸ்எஸ்பி (பாஸ்வேர்டைத் தொலைக் கணினியிடம் சரிபார்க்கும் முறை) என்ற சொல்லோடு பிழை வந்தால், இரண்டு கணினிகளில் ஒன்று 2018-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் அந்த முறையிலிருந்த பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டது. மே மாதப் புதுப்பிப்பு, அடைக்காத கணினிகளோடு பேசுவதை நிறுத்தியது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி மாற்றினால் தீரும் என்று பலர் சொல்வார்கள். அது ஓட்டையை மறுபடி திறக்கும் வரி. பழைய கணினியைப் புதுப்பியுங்கள்.

சான்றிதழை நம்ப முடியவில்லை என்ற மஞ்சள் எச்சரிக்கை பிழையல்ல. கணினி தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதிக்கொள்ளும், எச்சரிக்கையும் அப்போது மறுபடி வரலாம்.

அறிகுறி: வீட்டுக்குள் எட்டுகிறது, வெளியே எட்டவில்லை

பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். ரவுட்டரில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஓர் ஒப்பீடு செய்யுங்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி என்று, இணையத்தின் பக்கம் ரவுட்டருக்குள்ள ஒரு முகவரி இருக்கும். அதைத் தாளில் எழுதுங்கள். வீட்டுக் கணினியின் பிரவுசரில் "என் ஐபி என்ன" என்று தேடினால் வெளி உலகம் உங்களைப் பார்க்கும் முகவரி கிடைக்கும், அதையும் எழுதுங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கு உண்மையான பொது முகவரி இருக்கிறது. வேறு வேறு என்றால் நடுவில் முகவரியை மாற்றி அனுப்பும் (நாட் என்பார்கள்) இன்னொரு கைமாற்றுப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அது யாருடையது என்பதை வான் ஐபியே சொல்லிவிடும்.

வான் ஐபி 192.168 என்று தொடங்கினால், அநேகமாக அது உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டராக வேலை செய்கிறது, நீங்கள் வாங்கி வைத்ததும் ரவுட்டராக வேலை செய்கிறது. வெளியிலிருந்து வரும் தரவுப் பொட்டலம் முதல் பெட்டியிலேயே நின்றுவிடும்; நீங்கள் இரண்டாவது பெட்டியில் எழுதிய போர்ட் ஃபார்வேர்டிங் விதியை, அதாவது வரும் தொடர்பை 192.168.1.50-க்கு அனுப்பச் சொல்லும் விதியை, அது பார்ப்பதே இல்லை. தீர்வு மூன்று விதம். சிறந்தது, ஃபைபர் பெட்டியை, ரவுட்டர் வேலை செய்யாமல் தொடர்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி, இணைய நிறுவனத்தோடு இணைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் உங்கள் ரவுட்டரில் போடுவது. இணைப்பு தந்தவரிடம் கேட்டால் பல இடங்களில் செய்து தருவார்கள். அடுத்தது, ஃபைபர் பெட்டியில், வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரே கருவிக்கு அனுப்பும் டிஎம்இசட் என்ற இடத்தில் உங்கள் ரவுட்டரின் வான் முகவரியைக் கொடுப்பது. மூன்றாவது, உங்கள் ரவுட்டரை வெறும் வை-ஃபை கருவியாக, அதாவது ஆக்சஸ் பாயின்ட் முறையில் வைத்துவிட்டு எல்லா விதியையும் ஃபைபர் பெட்டியிலேயே எழுதுவது. இரண்டு பெட்டியிலும் ஒரே 192.168.1 வரிசை இருந்தால் எதுவும் ஒழுங்காக நடக்காது என்பதையும் கவனியுங்கள்.

வான் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது சிஜிநாட். 2012-இல் இந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசை அது. ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் போதாததால், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இணைய நிறுவனம் அடைத்து வைக்கிறது. ஒரு காம்பவுண்டுக்குள் நாற்பது வீடு, தெருவுக்குத் தெரிவது ஒரே கதவிலக்கம் என்பது போல. உள்ளிருந்து யாரும் வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிறவர் எந்த வீட்டுக்கு என்று காவலாளிக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். 10 என்று தொடங்கும் முகவரியும், 172.16 முதல் 172.31 வரையுள்ள முகவரியும் வான் ஐபியாக வந்தால் பெரும்பாலும் இதே நிலைதான். உங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் சிஜிநாட்டைத் தாண்டாது. இரவு முழுவதும் போர்ட் ஃபார்வேர்டிங் பக்கத்தோடு போராடுவதற்கு முன்னால் இந்த ஒரு முகவரியைப் பார்த்துவிட்டால் அந்த இரவு மிச்சமாகும்.

சிஜிநாட்டுக்கு வழி: நிறுவனத்திடம் ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத பொது முகவரி, கேட்டு வாங்கலாம், கூடுதல் கட்டணம் இருக்கும். அல்லது இரண்டு கருவிகளைத் தனிவழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற செயலி ஒன்றை வீட்டுக் கணினியிலும் கையில் உள்ள கருவியிலும் நிறுவலாம். இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே தொடர்பு எடுப்பதால் காவலாளி தடுக்க மாட்டார். டெயில்ஸ்கேல் தரும் முகவரியும் 100 என்றே தொடங்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் இணைப்பில் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் அதன் வழியாகவும் வரலாம், அங்கே கைமாற்றே கிடையாது. ஆனால் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் விதி எழுத வேண்டும், வெளியே நீங்கள் இருக்கும் இடத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும்.

வான் ஐபி உண்மையான பொது முகவரியாகவே இருந்தும் எட்டவில்லையா? இப்போதுதான் ரவுட்டரின் விதியைப் பார்க்க வேண்டும். பொதுவான தவறுகள் இவை. விதி 192.168.1.50-க்கு எழுதப்பட்டிருக்கும், கணினியோ இன்று 192.168.1.53-இல் இருக்கும். டிசிபிக்குப் பதிலாக யுடிபி மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். வெளிப் போர்ட்டும் உள் போர்ட்டும் இடம் மாறியிருக்கும். வெளிப் போர்ட்டை வேறு எண்ணாக வைத்துவிட்டு, இணையும்போது முகவரிக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு அந்த எண்ணை எழுத மறந்திருப்பார்கள். விதியை எழுதிவிட்டு சேவ் அழுத்தாமல் வந்திருப்பார்கள். ரவுட்டருக்கு ரவுட்டர் இந்தப் பக்கத்தின் பெயர் மாறும்: போர்ட் ஃபார்வேர்டிங், விர்ச்சுவல் சர்வர், நாட் ஃபார்வேர்டிங், எல்லாம் ஒன்றுதான்.

எங்கே அறுகிறது என்று உறுதியாகத் தெரிய ஒரு வழி உண்டு. வீட்டுக் கணினியில், வந்துபோகும் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க் நிரலை ஓடவிட்டு, போர்ட் 3389 என்று வடிகட்டிக்கொண்டு, கைபேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து தட்டச் சொல்லுங்கள். பொட்டலம் வந்து சேர்ந்தால் ரவுட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது, தடுப்பது கணினி. வரவேயில்லை என்றால் ரவுட்டர் அல்லது அதற்கு முன்னால் உள்ளது. ஐந்து நிமிட வேலை; ஊகத்துக்கு இடமே இருக்காது. வீட்டில் எல்லாம் சரியாக இருந்து, அலுவலகத்திலிருந்து மட்டும் எட்டவில்லை என்றால், அங்கே 3389 வெளியே போவதைத் தடுத்திருப்பார்கள்.

3389-ஐ நேராகத் திறந்து வைக்காதீர்கள்

மேலே சொன்னதெல்லாம் பாதை எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள. சோதனை முடிந்ததும் அந்த விதியை நீக்கிவிடுங்கள். இணையத்துக்குத் திறந்துவிடப்பட்ட ரிமோட் டெஸ்க்டாப்பைத் தேடி இரவும் பகலும் தானியங்கி நிரல்கள் அலைகின்றன. வெளிப் போர்ட்டை 45089 என்று மாற்றினால் சத்தம் குறையும், ஆபத்து போகாது. எந்தப் போர்ட்டில் இருந்தாலும், கைகுலுக்கும்போதே ரிமோட் டெஸ்க்டாப் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 2019 மே மாதம் வெளியான புளூகீப் ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் பழைய விண்டோஸ்களுக்குள் நுழைய வழி விட்டது. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக் கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் அதன் தீவிரம் புரியும்.

சரியான முறை, ரவுட்டரில் விபிஎன், அதாவது சாவியுள்ளவர் மட்டும் வரக்கூடிய சுரங்கப் பாதை, வைத்து அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப்பை ஓட்டுவது. புதிய ரவுட்டர்கள் பலவற்றில் வயர்கார்ட் அல்லது ஓபன்விபிஎன் சர்வர் உள்ளேயே வருகிறது. வயர்கார்டின் வழக்கமான போர்ட் யுடிபி 51820. சரியான சாவி இல்லாமல் வரும் பொட்டலத்துக்கு அது பதிலே சொல்லாது. தேடி அலைகிறவர்களுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. அதனால்தான் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் இணையதளங்களால் இதைச் சோதிக்க முடிவதில்லை. அவை மூடியிருக்கிறது என்று சொன்னால் கவலைப்படாதீர்கள்.

வயர்கார்ட் இணைந்ததாகக் காட்டியும் ஒன்றும் எட்டவில்லையா? அது எப்போதும் இணைந்ததாகத்தான் காட்டும். பார்க்க வேண்டியது கடைசி ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் சாவியைச் சரிபார்த்துக் கைகுலுக்கிய) நேரமும் பெறப்பட்ட பைட்டுகளும். அனுப்பியது ஏறிக்கொண்டே போகிறது, பெற்றது பூஜ்யம் என்றால்: முகவரி தவறு, சிஜிநாட், அல்லது சாவிகள் மாறிவிட்டன. ஒவ்வொரு பக்கத்திலும் தன் தனிச்சாவியும் எதிர்ப்பக்கத்தின் பொதுச்சாவியும் இருக்க வேண்டும். தன் பொதுச்சாவியையே தன்னிடம் ஒட்டிவிடுவது வழக்கமான பிழை.

ஹேண்ட்ஷேக் நடக்கிறது, ஆனால் 192.168.1.50 எட்டவில்லை என்றால் முதலில், சுரங்கத்துக்குள் எந்த முகவரிகளை அனுப்புவது என்று சொல்லும் அலவ்டு ஐபிஸ் வரியைப் பாருங்கள். அதில் 192.168.1.0/24, அதாவது 192.168.1 வரிசை முழுவதும், இருக்க வேண்டும். இருந்தும் எட்டவில்லை என்றால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் வை-ஃபையும் 192.168.1 வரிசையாகவே இருக்கலாம். அப்போது மடிக்கணினி 192.168.1.50-ஐப் பக்கத்து மேசையில் தேடும், சுரங்கத்துக்குள் அனுப்பாது. ஓட்டல் அறையிலும் நண்பர் வீட்டிலும் "சில சமயம் மட்டும்" வேலை செய்யாமல் போவதற்கு இதுவே காரணம். வீட்டு ரவுட்டரின் லான் முகவரியை 192.168.57.1 போல யாரும் வைக்காத ஒன்றாக முதலிலேயே மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி திரும்பவே வராது. மாற்றியதும் கணினியின் முகவரி, பழைய விதிகள், அலவ்டு ஐபிஸ் மூன்றையும் புது வரிசைக்குத் திருத்த வேண்டும். கைபேசி வழி இணைப்பு சிறிது நேரம் சும்மா இருந்தால் அறுகிறது என்றால் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் என்ற இடத்தில் 25 போடுங்கள்.

அறிகுறி: நேற்று வரை வேலை செய்தது, இன்று இல்லை

நடுவில் மின்சாரம் போய் வந்ததா? அநேகமாக ஆம். மின்சாரம் போய் வரும்போது நான்கு விஷயங்கள் மாறலாம்.

ஒன்று, பொது முகவரி. ஸ்டாடிக் ஐபி இல்லாதவருக்கு ரவுட்டர் மறுபடி இணையும்போது புது எண் கிடைக்கும். இதற்குத்தான் டிடிஎன்எஸ், அதாவது மாறும் முகவரியை மாறாத ஒரு பெயரோடு கட்டும் சேவை: டக்டிஎன்எஸ், நோ-ஐபி போன்றவற்றில் ஒரு பெயரைப் பதிந்து, ரவுட்டரிலோ கணினியிலோ புதுப்பிக்கும் நிரலை வைக்க வேண்டும். நோ-ஐபியின் இலவசப் பெயரை 30 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்யாவிட்டால் அது காலாவதியாகும். மாதா மாதம் சொல்லிவைத்தாற்போல் அறுந்தால் காரணம் அதுதான். "என்எஸ்லுக்அப்" கட்டளைக்குப் பின் உங்கள் பெயரைக் கொடுத்து, வரும் எண்ணை வான் ஐபியோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு, கணினியின் உள் முகவரி. ரவுட்டரில், உள் முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் கணினியின் மேக் முகவரியை (வலையமைப்பு அட்டையின் அடையாள எண்ணை) 192.168.1.50-உடன் கட்டிவிடுங்கள். கேபிளுக்கும் வை-ஃபைக்கும் மேக் முகவரி வேறு வேறு. எதில் இணைக்கிறீர்களோ அதை எழுதுங்கள்.

மூன்று, கணினியே அணைந்து கிடப்பது. பயாஸில் "ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" என்ற தெரிவை பவர் ஆன் என்று வையுங்கள். மின்சாரம் வந்ததும் தானாக எழும். நான்கு, ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும். இவற்றுக்குச் சின்ன டிசி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களின் வோல்ட்டையும் ஆம்பியரையும் படித்துக்கொள்ளுங்கள். வோல்ட் பொருந்த வேண்டும், யுபிஎஸ்ஸின் ஆம்பியர் இரண்டின் கூட்டுத்தொகைக்குக் குறையக் கூடாது.

மின்சாரம் போகவில்லை, ஆனால் நீங்கள் கிளம்பி அரை மணி கழித்து எட்டவில்லை என்றால் கணினி தூங்கிவிட்டது. பவர் அமைப்பில் ஸ்லீப் நெவர் என்று வையுங்கள். திரை அணையலாம், கணினி உறங்கக் கூடாது. வேக் ஆன் லான் வைத்து எழுப்பலாம், ஆனால் அந்த 102 பைட் எழுப்பும் பொட்டலம் வீட்டு வலையமைப்புக்குள் பரப்பப்பட வேண்டியது. விபிஎன் வழியாக நேராகப் போகாது. ரவுட்டரின் பக்கத்திலேயே எழுப்பும் பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கணினி கேபிளில் இணைந்திருக்க வேண்டும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணைந்திருக்க வேண்டும்.

அறிகுறி: உள்ளே போனதும் கறுப்புத் திரை, அல்லது உறைதல்

கறுப்பாக நின்றால் கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தொலைக் கணினிக்கு அது கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் போல. வரும் பட்டியலில் டாஸ்க் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து, அது திறந்தால் விண்டோஸ் எக்ஸ்புளோரரை மறுபடி தொடங்குங்கள்.

அந்தப் பட்டியலே வரவில்லை, இணைப்பு சிறிது நேரத்தில் அறுகிறது என்றால் பொட்டலத்தின் அளவைச் சந்தேகியுங்கள். சிறிய பொட்டலங்கள் போகின்றன, அதனால் பாஸ்வேர்டு வரை நடக்கிறது; திரைப் படம் பெரிய பொட்டலமாக வரும்போது வழியில் தொலைகிறது. பிபிபிஓஇ இணைப்பில் எம்டியு, அதாவது ஒரு பொட்டலம் இருக்கக்கூடிய அதிகபட்ச பைட் அளவு, 1500 அல்ல, 1492. வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1420. விபிஎன் இணைந்த நிலையில் "பிங் 192.168.1.1 -எஃப் -எல் 1392" கொடுத்துப் பாருங்கள்; 1392-உடன் தலைப்பு 28 சேர்ந்தால் 1420. பதில் இல்லையென்றால் பத்துப் பத்தாகக் குறைத்து, எந்த அளவில் போகிறதோ அதோடு 28 கூட்டி அந்த எண்ணை வயர்கார்டின் எம்டியுவாக வையுங்கள். கணக்குப் பார்க்க நேரமில்லையென்றால் 1280 வைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் நோய் இதுதான்.

எம்டியு சரியாக இருந்தும் உறைகிறது என்றால் யுடிபியை நிறுத்திச் சோதிக்கலாம். நீங்கள் கையில் வைத்திருக்கும் கணினியின் குரூப் பாலிசியில், ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் கிளையன்ட் பகுதியில் "டர்ன் ஆஃப் யுடிபி ஆன் கிளையன்ட்" என்பதை இயக்குங்கள். டிசிபியில் மட்டும் ஓடும். கொஞ்சம் மந்தமானாலும் அறாது.

திரை மந்தமாக மட்டும் இருந்தால் வீட்டின் அப்லோட் வேகத்தைப் பாருங்கள், டவுன்லோட் இங்கே பொருட்டில்லை. வீட்டுக் கணினியை வை-ஃபையிலிருந்து கேபிளுக்கு மாற்றுங்கள். இணைக்கும் செயலியில் நிற ஆழத்தை 16 பிட்டாக்கி, வால்பேப்பரையும் பிரின்டர் பகிர்வையும் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: கணக்கு பூட்டப்பட்டது என்று வருகிறது

நீங்கள் ஒருமுறைகூடத் தவறாகத் தட்டவில்லை, ஆனாலும் அதிக முயற்சிகளால் கணக்கு பூட்டப்பட்டதாகச் செய்தி வருகிறது. வேறு யாரோ தட்டிக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து, பத்து முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டு என்பது இயல்பான அமைப்பு. பூட்டு உங்களைக் காப்பாற்றுகிறது, அதே நேரம் உங்களையும் வெளியே நிறுத்துகிறது.

ரவுட்டரில் ஏதோ ஒரு போர்ட் 3389-க்குத் திறந்திருக்கிறது என்று இதற்குப் பொருள். ஃபைபர் பெட்டியின் டிஎம்இசட்டையும் மறக்காமல் பாருங்கள். அங்கே கணினியின் முகவரி இருந்தால் எல்லாப் போர்ட்டும் திறந்திருக்கிறது. விதியை இப்போதே நீக்குங்கள், விபிஎன் வேலையைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்து ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், செக்யூரிட்டி. 4625 என்ற எண் தோற்ற முயற்சி. ஒவ்வொன்றிலும் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று இருக்கும். நூற்றுக்கணக்கில் இருந்தாலும் அவை தோற்றவை. பயப்பட வேண்டியது 4624: நுழைந்துவிட்ட பதிவு. அதில் லாகான் டைப் 10 என்று, நீங்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், தெரியாத முகவரியிலிருந்து ஒன்று இருந்தாலும் கேபிளைப் பிடுங்குங்கள். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, மைக்ரோசாஃப்ட் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அந்தக் கணினியில் உள்ள கோப்புகளை மட்டும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். உள்ளே என்ன விட்டுப் போனார்கள் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.